எதை விடச் சொல்கிறாள்

ஒரே ஒரு ஊர். அந்த ஊருக்கு வெளியே ஒரே ஒரு நகர். நகரில் தெரு உண்டு, தெருவுக்குப் பெயர் உண்டு, பெயருக்குப் பலகை உண்டு, வீடு மட்டும் கிடையாது. வீடே இல்லாத அந்த நகருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி ஓட்டத் தெரியாத ஒரு அண்ணன் வந்தானாம், அவனுக்குச் சொல்லித்தர அவனைவிட நாலு வயது சின்னவளான ஒரு தங்கச்சியும் வந்தாளாம், ம் சொல்லு, என்று எனக்குள் நானே ஆரம்பித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் கதை என்றால் கேட்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் ம் கொட்ட வேண்டும், ம் நின்றால் கதையும் நின்றுவிடும், தாத்தா காலத்துச் சட்டம் அது. இப்போது ம் கொட்ட யாரும் இல்லை. தங்கச்சி பேச்சி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, பின்னால் கட்டியிருந்த இரண்டு காலி இட்லி மாவு டிரேக்களை அவிழ்த்து எழுபத்துமூன்றாம் நம்பர் கல்லின் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஊரிலிருந்து மேற்கே, மலைப்பக்கமாக நாலு கிலோமீட்டர். யாரோ ஒருவர் காட்டை வாங்கி, தார் ரோடு போட்டு, மனைக்கு மனை கல் நட்டு, வாசலில் வளைவு கட்டி, குபேரலட்சுமி நகர் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார், அதோடு சரி. தெருவுக்கெல்லாம் ஆற்றின் பெயர். காவேரித் தெரு, வைகைத் தெரு, தாமிரபரணித் தெரு, பாலாற்றுத் தெரு. நாலு ஆறும் காய்ந்து கிடக்க, ஓரத்தில் ஆவாரஞ்செடி மட்டும் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. எங்கள் ஊரில் வண்டி பழகுகிறவர்கள் எல்லாம் இங்கேதான் வருவார்கள், தாரில் எத்தனையோ பேர் விழுந்து எழுந்த கீறல், நான் ஒன்றொன்றாகப் பார்க்கிறேன், இது கால்தாங்கிக் கம்பி இழுத்த கீறல், இது கைப்பிடி உரசியது, இவர்கள் எல்லாரும் பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்களா, ஒருவராவது இங்கிருந்து நேராக வீட்டுக்கு நடந்தே போயிருக்க மாட்டாரா.

நேற்று மாவுப் பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் பேச்சி அதைச் சொன்னாள். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, வருகிற புதன்கிழமை சேர வேண்டும். போன மாதமே சேர்ந்திருக்க வேண்டியதை அம்மாவுக்கு மணிக்கட்டு வலி என்று சொல்லி ஒருமுறை தள்ளிப்போட்டாள், இன்னொரு முறை தள்ளமுடியாது, வருகிறாயா இல்லையா என்று திங்கட்கிழமை பத்து மணிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவள் போய்விட்டால் தினமும் காலையில் பதினொரு கடைக்கு மாவு போடுவது யார். அம்மா கிரைண்டரை விட்டு நகர முடியாது. அப்பா கேரளாவில் மரக்கடையில் இருக்கிறார், மாதத்துக்கு ஒருதடவை வந்து தூங்கிவிட்டுப் போகிறவர். மிச்சம் நான், வனராஜ், இருபத்தாறு வயது, அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்க்கிறவன், வேலைக்கு நடந்துபோய் நடந்து வருகிறவன், அதைவிடத் தூரம் என்றால் தங்கச்சி வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறவன். "நாளைக்கு ஒரே ஒரு சுத்து. குபேரலட்சுமி நகர நீ தனியா ஒரு சுத்துச் சுத்தி வந்துட்டன்னா, வாரேன்னு சொல்லிருவேன். சுத்தலன்னா வரலன்னு சொல்லிருவேன். அவ்வளவுதான்," என்றாள் பேச்சி, ஏதோ கடைக்குப் போய்ப் புளி வாங்கிவா என்கிற மாதிரி. அம்மா மாவை அள்ளிக்கொண்டே, "அவன் நடந்து போகையிலயே கல்லு தடுக்குறவன்," என்றாள். கேலிதான். ஆனால் ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டிருந்த என் விரல் அப்படியே நின்றது. ஒரு பெண் ஊரை விட்டுப் போவதும் போகாததும் ஒரு சுற்றில் எப்படி இருக்க முடியும். இருக்கிறதுதான், எங்கள் அச்சகத்தில் ஒரே ஒரு துணைக்கால் விட்டுப்போனால் தாய்மாமன் தாய்மமன் ஆகிவிடுகிறார், மண்டபத்தில் சண்டையே வந்திருக்கிறது.

"ஏறு," என்கிறாள். ஏறினேன். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் உட்காருவது நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் உயரமாக, மலை கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி. பால்காரர் செல்லையாவிடம் வாங்கிய வண்டி. கேன் மாட்டுகிற கொக்கி இரண்டு பக்கமும் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது, வெயில் ஏறினால் சீட்டிலிருந்து பால் வாசம் வரும், அதன்மேல் மூன்று வருஷமாக எங்கள் மாவின் புளிப்பும் சேர்ந்து, கண்ணை மூடிக்கொண்டால் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். செல்ஃப் கிடையாது, உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். நியூட்ரல் விளக்கு எரியாது. ஹாரன் என் குரல் மாதிரி, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும். "இது கிளட்ச், இடது கை. இது ஆக்சிலேட்டர், வலது கை. இடது கால்ல கியர், முன்னால அமுக்குனா விழும், குதிகால்ல மிதிச்சா குறையும். வலது கால்ல பிரேக். பயப்படாத, ஒண்ணும் செய்யாது," என்கிறாள் பேச்சி, ஊசி போடுவதற்கு முன்னால் நர்சுகள் சொல்கிற அதே குரலில். இவளுக்கு எப்போது அந்தக் குரல் வந்தது. என் வலது கெண்டைக்காலின் உட்பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது, ஒன்பது வயதில் அப்பா வண்டியிலிருந்து இறங்கும்போது சைலன்சரில் பட்டது. அன்றைக்கு வாழைப்பட்டையை வெட்டிவந்து சாறு பிழிந்து ஊதினவள் இவள்தான், ஐந்து வயது, ஊதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து அரைமணி நேரம் ஊதினாள், ஊதி ஊதி அவளுக்குத் தலை சுற்றிவிட்டது. அந்தத் தழும்பு இப்போது குறுகுறுக்கிறது. எனக்கு மட்டும் பயம் நெஞ்சில் இல்லை, கெண்டைக்காலில் இருக்கிறது, காலைச் சைலன்சரிலிருந்து தள்ளி அகட்டி வைக்கிறேன். "கால ஏன் தவளை மாதிரி வச்சிருக்க," என்கிறாள். உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கியதும் அதன் எடை என் இரண்டு கைக்கும் வந்தது, இடதுபக்கம் சாய்ந்தால் இடது கால் ஊன்று, வலதுபக்கம் சாய்ந்தால் வலது கால் ஊன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், யாருக்கும் சொல்லித்தர வேண்டாத விஷயத்தை. ஐந்தாவது உதையில் வண்டி கிளம்பியது. "கிளட்சப் பிடி. பிடிச்சுட்டியா. இப்ப கியரப் போடு. சரி. இப்ப மெதுவ்வா, மெதுவ்வா விடு," என்கிறாள். விட்டேன். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. மறுபடி உதை, மறுபடி பிடி, மறுபடி விடு, மறுபடி துள்ளல். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுப் பையன் எழுந்து நின்று பதில் தெரியாமல் உட்கார்ந்துவிடுகிற மாதிரி வண்டி உட்கார்ந்து உட்கார்ந்து போகிறது. பாலாற்றுத் தெருப் பக்கமிருந்து ஆட்டுக் கழுத்து மணிச் சத்தம் வந்தது, பிறகு ஆடுகள், பிறகு தோளில் தொரட்டியும் தலையில் துண்டுமாகச் சீனியம்மா. தினமும் இங்கே ஆடு மேய்க்கிறவர், பேச்சி இங்கே வண்டி பழகிய காலத்திலிருந்தே பழக்கம். "ஏத்தா, இது யாரு, மாப்பிள்ளையா," என்றார். "எங்கண்ணன், சித்தி." "அண்ணனா. அண்ணன் தங்கச்சிக்குச் சொல்லிக் குடுத்துப் பாத்துருக்கேன். இது புதுசால்ல இருக்கு." "ஆட்டக் கொஞ்சம் அந்தப் பக்கம் பத்துங்க சித்தி, பயமா இருக்கு." "ஆடு ஒதுங்கிரும்த்தா. ஒங்கண்ணன் ஒதுங்குவானா, அதச் சொல்லு." பேச்சி சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்த சிரிப்பில் விரல் தளர்ந்து வண்டி இன்னொருமுறை உட்கார்ந்தது. சீனியம்மா ஒரு ஆவாரங்கொத்தை ஒடித்து எதற்கென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு வைகைத் தெருவுக்குள் போய்விட்டார்.

மூன்று தடவை நின்றது தெரியாமல் நின்றது. நாலாவது தடவைதான் எனக்குச் சந்தேகம். வண்டி நகர்ந்துவிட்டது, உண்மையாகவே நகர்ந்தது, எழுபத்துமூன்றாம் கல் பின்னால் போய் எழுபத்துநாலு வந்தது, எழுபத்தைந்து வந்தது, காற்று வந்து சட்டைக்குள் புகுந்தது, பேச்சி பக்கத்தில் ஓடிவந்துகொண்டே "அப்படித்தான், அப்படித்தான்" என்றாள். சரி, போய்விடுவாள் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. உடனே இடது கை விரல்கள் கொஞ்சம் முன்னதாக விட்டுவிட்டன, இன்னும் விடக்கூடாத இடத்தில். வண்டி துள்ளி நின்றது. விரல் தானாக விட்டதா, நான் விடச் சொன்னேனா. வண்டி நின்ற அமைதியில் அதையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பத்திரிகையில் ஒரே வரியை நாலு தடவை படிப்பதுபோல, படிக்கப் படிக்க எழுத்து சரியாகத்தான் தெரிகிறது, பிழை அங்கேதான் இருக்கிறது. இந்த ஒரு சுற்று வராவிட்டால் புதன்கிழமை வெறும் புதன்கிழமையாகப் போய்விடும். காலையில் ஏழு மணிக்கு வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும், காலி டிரேக்கள் மோதிக்கொள்ளும், எந்தக் கடைக்காரர் என்ன சொன்னார் என்று அவள் பேச ஆரம்பிப்பாள், பல் விளக்கிக்கொண்டு நான் கேட்பேன், வாயில் நுரையோடு ம் சொல்வேன். அவள் போய்விட்டால் வீட்டில் கிரைண்டர் ஒன்றுதான் பேசும். அதற்காக ஒருத்தி வாழ்நாள் முழுக்க மாவு போட வேண்டுமா. வெட்கமாக இருந்தது. பேச்சி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் இடது கையைப் பார்த்தாள். "நகரு, பின்னால ஏறிக்கிடுறேன்," என்றாள்.

அவள் பின்னால் ஏறியதும் வண்டி நிதானமாகிவிட்டது, பின்னால் எடை இருந்தால் நல்லதோ, இல்லை பழகின எடை என்பதாலோ. இத்தனை வருஷம் அவள் முதுகைப் பார்த்துப் பார்த்துப் போனவன் இன்றைக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன், எவ்வளவு ரோடு, எவ்வளவு மலை, இதையெல்லாம் இவள் தினமும் தனியாகப் பார்த்துக்கொண்டா போனாள். காவேரித் தெரு முழுக்கப் போய்விட்டோம். "திரும்பு," என்றாள், திரும்பினேன், வைகை. "ம்," என்றாள். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. "ம்." அந்த ம் என் பிடரியில் பட்டதும் அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. கோடை லீவு மதியங்களில் அம்மா எங்கள் இரண்டு பேரையும் படுக்கப்போடுவாள், நான் தாத்தாவிடம் கேட்ட கதைகளை இவளுக்குச் சொல்வேன், கேட்ட கதை தீர்ந்துபோனதும் நானே கட்டிவிட்டேன், அப்படிக் கட்டினதுதான் குதிரை ஏறின ராசா கதை. ஒரு ராசா, ம், அவருக்கு ஒரு குதிரை, ம், ராசாவுக்கு ஏறத் தெரியும், ம், ஓட்டத் தெரியும், ம், நிறுத்த மட்டும் தெரியாது. அந்த இடத்தில் எப்போதும் ம் வராது, எட்டிப்பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருப்பாள். அதனால் அந்த ராசா எங்கள் வீட்டில் எத்தனை கோடையாக ஓடிக்கொண்டே இருக்கிறார், இவளுக்கு எந்தக் கதையின் முடிவும் தெரியாது, ஆரம்பம் மட்டும் நூறு தெரியும். "ரெண்டாவது போடுண்ணே," என்றாள். போட்டேன், என்ன சுகமாக விழுந்தது, தொண்டையில் கரகரப்பு போனமாதிரி. தாமிரபரணித் தெருவில் வண்டி தானாகவே போகிற மாதிரி போகிறது, இவ்வளவுதானா இது, இதற்கா பத்து வருஷம் பயந்தேன், என்று நினைத்தேன் பாருங்கள், தெரு முடிந்துவிட்டது. எதிரே முள்வேலி. பயத்தில் கிளட்சைப் பிடித்துவிட்டேன், பிடித்த பிடியில் வலது கையும் முறுக்கிக்கொண்டது, வண்டி இருந்த இடத்திலேயே கத்துகிறது, உலகத்தில் என்னால் இவ்வளவு சத்தம் போட முடியும் என்று எனக்குத் தெரியாது. "விடு, விடு," என்று பேச்சி கத்தினாள். அவள் சொன்னது ஆக்சிலேட்டரை. எனக்குக் காலையிலிருந்து விடு என்றால் கிளட்ச். விட்டேன். முழுசாக, ஒரேயடியாக, சொன்ன சொல் தட்டாத பிள்ளையாக.

வண்டி பாய்ந்த இடத்தில் நல்லவேளையாக வேலி இல்லை, யாரோ வீடு கட்டலாம் என்று கொட்டிவைத்துக் கட்டாமல் விட்ட மணல் இருந்தது, மணலைத் தாண்டி ஆவாரம்புதர் இருந்தது. முன்சக்கரம் மணலில் புதைந்தது, வண்டி சாவகாசமாக இடதுபக்கம் படுத்துக்கொண்டது, பாயை விரித்ததும் படுக்கிற மனுஷர் மாதிரி. நான் மணலில் கிடந்தேன், பேச்சி புதரில் கிடந்தாள். முதலில் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. "ண்ணே, இருக்கியா." "இருக்கேன். நீ." "இருக்கேன்." கொஞ்சநேரம் மலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம், வண்டிச் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. "நான் ஆக்சிலேட்டர விடச் சொன்னேன்," என்றாள். "நீ விடுன்னுதான் சொன்ன. எதன்னு சொல்லல." "இது ஒன்னோட ஆபீஸா, விளக்கமா எழுதித் தர." பிறகு அவளே சிரித்துவிட்டாள், எனக்கும் சிரிப்பு வந்தது. நான் படுத்தவாக்கிலேயே எண்ண ஆரம்பித்தேன், கிளட்சை விடு, ஆக்சிலேட்டரை விடு, மூச்சை விடு, வண்டியை விடு என்றால் ஓட்டு என்று அர்த்தம், கையை விடு என்றால் போய்விடு என்று அர்த்தம், அச்சகத்தில் ஒரு வரி விடு என்றால் வெறுமனே இடம் வை என்று அர்த்தம், போகட்டும் விடு என்றால் ஒன்றுமே செய்யாதே என்று அர்த்தம், இத்தனை வேலைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒருத்தன் எப்படி வண்டி பழகுவான். "அதுவும் சரிதான்," என்றாள் பேச்சி. "இனிமே இன்னைக்கு விடுங்கிற வார்த்தையே கிடையாது. கிளட்சுக்கு அவிழு. ஆக்சிலேட்டருக்குக் குறை. மறந்து சொன்னா தலையில குட்டு." "கிளட்சுக்குத் தளர்த்து நல்லாருக்கும்," என்றேன். "பிழை பாக்குறவன்ட்ட சொன்னேன் பாரு. சரி, தளர்த்து."

வண்டியை இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்தினோம், கைப்பிடி கொஞ்சம் கோணியிருந்தது, அவள் முன்சக்கரத்தைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் நேராக்கினாள். அப்படியே குனிந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த நாலாவது தடவ வேணும்னுதான ஆஃப் பண்ண," என்றாள். பொய் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "தெரியல பேச்சி. கை பண்ணுச்சா, நான் பண்ணுனேனான்னு தெரியல," என்றேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் கைப்பிடியில் ஒட்டிய மணலைத் தட்டித் தட்டி, தட்ட மணல் இல்லாமல் போன பிறகும் தட்டினாள். "ஒரு சுத்துன்னு கண்டிஷன் போட்டேன்ல," என்றாள். "நீ எப்படியும் ஓட்ட மாட்டங்கற தைரியத்துலதான் போட்டேன். அங்க எனக்கு யாரையும் தெரியாதுண்ணே. பெரிய ஆஸ்பத்திரி. ராத்திரி டூட்டின்னா ஒரு வார்டு முழுக்க நான் ஒருத்தி. நீ ஓட்டலன்னா, எங்கண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால வரலன்னு சொல்லிறலாம்ல. நான் பயந்தேன்னு யாருக்கும் தெரியாதுல்ல." பதினொரு கடைக்காரர்களையும் அதட்டி வாங்குகிறவள், பஸ்ஸில் இடிக்கிறவனைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டவள், இவளா. போன மாதம் அம்மாவின் மணிக்கட்டு. இந்த மாதம் என் வண்டி. ஆக இரண்டு பேரும் ஒரே கிளட்சை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டுதான் காலையிலிருந்து நின்றிருக்கிறோம். எனக்குக் கோபம் வரவில்லை, மனசில் ஏதோ லேசாகிவிட்டது, என் பிழை ஒன்று, அவள் பிழை ஒன்று. நான் என்ன சொல்ல வேண்டும், போ என்றா, போகாதே என்றா. எனக்குப் பேச்சு எப்போதும் ஒரு நாள் கழித்துத்தான் வரும். "ஊதிக்கிட்டே இருந்தியே," என்றேன். "என்னது." "கால்ல சுட்டுக்கிட்டப்ப. ஒனக்கே தலை சுத்துற வரைக்கும் ஊதுன. அந்த வார்டுல இருக்கவங்க குடுத்து வச்சவங்க." அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "நான் விடுன்னு சொல்லவே இல்லையே," என்றேன். "இது வேற," என்றாள்.

எழுபத்துமூன்றாம் கல்லுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். அவள் ஏறவில்லை, டிரேக்களைக் கவிழ்த்து மேலே உட்கார்ந்துகொண்டாள். நான் உதைத்தேன், இரண்டாவது உதையில் கிளம்பியது. பிடி, போடு, தளர்த்து. தளர்த்து என்றதும் கைக்கு எவ்வளவு நன்றாகப் புரிகிறது, வேட்டி முடிச்சைத் தளர்த்துகிற அளவு, அவிழ்ந்துவிடாத அளவு. எழுபத்துநாலு. எழுபத்தைந்து. பின்னால் எடை இல்லை, வண்டி இலேசாக ஆடுகிறது, ஆடட்டும். எழுபத்தாறு, போய்விடுவாள் என்று மறுபடி தோன்றுகிறது, இந்தத் தடவை விரல் விடவில்லை, போய்விடுவாள், எழுபத்தேழு, போகட்டும், எழுபத்தெட்டு, போனால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், கடைக்காரர் கதையெல்லாம் இனி நான் சொல்வேன், அவள் அந்தப் பக்கம் ம் கொட்டுவாள், எனக்குத்தான் பேச வராதே, வரும், பதினொரு கடைக்குப் போனால் பதினொரு பேரோடு பேசித்தானே ஆகவேண்டும். ஆவாரம்பூ இரண்டு பக்கமும் மஞ்சள் கோடாக ஓடுகிறது. காவேரி முடிந்து வைகை. நடுத்தெருவில் சீனியம்மாவின் ஆடு ஒன்று, வெள்ளையில் கறுப்புத் திட்டு, என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஹாரன் அடித்தேன், எனக்கே கேட்கவில்லை. குறை, குறைத்தேன், வலது கால் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடித்தது, வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது, ஆடு யோசித்து முடித்துவிட்டு ஓரம் போனது. கல்லில் உட்கார்ந்திருந்த சீனியம்மா, "போ ராசா, போ," என்றார். ராசா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏறத் தெரியும், ம், ஓட்டத் தெரியும், ம், என்று எஞ்சினே கொட்டுகிறது, இத்தனை நாள் தெரியாமல் போயிற்று, இந்த வண்டி ம் என்பதைத் தவிர வேறு எதுவுமே சொல்வதில்லை. தாமிரபரணி. தெரு முடிவதற்கு நாலு கல் முன்னாலேயே குறைத்தேன், முள்வேலி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, மணலில் நானும் வண்டியும் கிடந்த இரண்டு பள்ளம். பாலாறு. இனி நேரே போனால் அவள். டிரேமேல் எழுந்து நிற்கிறாள், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, சின்னதாக, ஒரு விரல் உயரம், ஒரு சாண் உயரம், ஒரு முழம். எங்கே நிறுத்துவது என்று ராசாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை போலிருக்கிறது, தெரிந்த முகம் எந்த இடத்தில் முழுசாகத் தெரிகிறதோ அந்த இடத்தில். பிரேக்கை மிதித்தேன், கிளட்சை மறந்துவிட்டேன், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி எழுபத்துமூன்றாம் கல்லுக்கு நேராக நின்றது.

பேச்சி இறங்கிவந்து வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள், புது வண்டி வாங்க வந்தவள் மாதிரி. கண் கலங்கியிருந்தது, அதைத் தூசி என்று காட்ட இமையைத் தேய்த்தாள். "போச்சு போ," என்றாள், "இனிப் போயித்தான் ஆகணும்." "ம்," என்றேன். "அந்த ராசா கடைசில எப்படித்தான் எறங்குனாரு." "கிளட்ச் பிடிக்க மறந்துட்டாரு. வண்டி அதுவா நின்னுருச்சு." அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்போடேயே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். "எம்மா, சுத்திட்டான். ம். தனியா. ம். விழலம்மா, எங்க விழுந்தான், அதெல்லாம் இல்ல. ஆமா, போறேன்," என்றாள். அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது எனக்கு இங்கே கேட்டது. பிறகு டிரே இரண்டையும் அடுக்கி வண்டியில் வைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள், முடிச்சை என்னையே ஒருதடவை அவிழ்த்துக் கட்டச் சொன்னாள், நான் கட்டியதை இழுத்துப் பார்த்தாள். "மெயின் ரோட்டுக்குப் போகாத, மில்லுக்குப் பின்னால ஓடை ரோடு இருக்குல்ல, அதுல வா, ஒரு ஈ காக்கா இருக்காது. ரெண்டாவது கியருக்கு மேல போடாத." "நீ ஏறலையா." "நான் பின்னால ஒக்காந்தா நீ என்னையத்தான் ஓட்டுவ, வண்டிய ஓட்டமாட்ட. எட்டே காலுக்கு மினி பஸ் வரும்." "வளைவு வரைக்கும் நடக்கணுமே. வெயில் ஏறிருச்சு. பஸ் வரலன்னா எப்படி வருவ." "அத விடு," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. குட்டலாம் என்று கையை ஓங்கினேன், எட்டவில்லை, அவள் நகர்ந்துவிட்டாள். நான் வண்டியை உதைத்தேன், முதல் உதையில் கிளம்பியது, நியூட்ரலில் ம் என்று நிற்கிறது. காவேரித் தெருவில் பேச்சி நடக்கிறாள், ஊக்குப் போட்ட செருப்பு ஒன்று சர்க் சர்க் என்று இழுபடுகிறது, கை தானாக வீசிக்கொள்கிறது, யாரிடமோ பேசிக்கொண்டு போகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போகிறாள், கோயம்புத்தூரில் போய்ச் சொல்லவேண்டியதை இப்போதே சொல்லிப் பார்க்கிறாளோ என்னவோ. புதரில் விழுந்ததில் அவள் முதுகு முழுக்க ஆவாரம்பூ ஒட்டியிருக்கிறது, இவ்வளவு நேரமும் நான் கவனிக்கவில்லை, மஞ்சளாக, தோளிலிருந்து இடுப்பு வரை. பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் பார்ப்பார்கள். கூப்பிட்டுச் சொல்லலாம், என் குரல் அவ்வளவு தூரம் போகாது, ஹாரனும் போகாது, வண்டியில் போனால் நிமிஷத்தில் எட்டிவிடலாம். கிளட்சைப் பிடித்தேன். பிறகு விட்டுவிட்டேன். வளைவுக்கு அடியில் ஒரு நிமிஷம் நிழலானாள், மறுபடி மஞ்சளானாள், திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனாள்.